எந்தத் தரைக்கு எந்த டயர்? மலை சைக்கிள் ஓட்டுபவருக்கு ஒரு நீண்ட பதில்

நீங்கள் கேட்டதை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். உங்களிடம் இருப்பது 29 அங்குல வீல் உள்ள ஹார்டுடெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன். உங்கள் எடை 75 கிலோ. வண்டியோடு வந்த டயர் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. ஓட்டுகிற பாதையில் பாதி வறண்டு இறுகிய மண், அதன்மேல் பொடிச் சரளை, நடுநடுவே பாறை, மழை பெய்தால் சேறு. பாதைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச தூரம் தார் ரோடு. இத்தனைக்கும் சேர்த்து எது சிறந்த டயர் என்று கேட்கிறீர்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன், அப்படி ஒரு டயர் கிடையாது. ஆனால் உங்களுக்குப் பொருந்துகிற ஒரு ஜோடி உண்டு. முன்னால் ஒன்று, பின்னால் வேறொன்று. கடைசியில் பெயர் சொல்லியே எழுதுகிறேன், அவசரம் என்றால் நேரே அங்கே போய்விடலாம். ஆனால் ஏன் அந்த டயர் என்று தெரியாமல் வாங்கினால் அடுத்த முறை தேயும்போது மறுபடி இதே குழப்பம்தான் வரும்.

பெரும்பாலானவர்கள் டயரைக் கட்டைகளைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கட்டை என்று நான் சொல்வது டயரின்மேல் துருத்திக்கொண்டு நிற்கும் ரப்பர் முட்டுகளை. பெரிய கட்டை என்றால் நல்ல பிடிப்பு, சின்னக் கட்டை என்றால் வேகம், அவ்வளவுதான் கணக்கு. நானும் பல வருடம் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் இறுகிய தரையில் பிடிப்பைத் தீர்மானிப்பதில் காற்றழுத்தம்தான் முதலில் வருகிறது, அப்புறம் ரப்பரின் மென்மை, அப்புறம் டயர் உறையின் (ரப்பருக்கு அடியில் இருக்கும் துணி அடுக்கின்) கனம், அதற்கும் பிறகுதான் கட்டைகளின் வடிவம். சேறு, பொலபொலவென்ற மண் மாதிரி தரையே இளகிக் கிடக்கும் இடங்களில் மட்டும் இந்த வரிசை தலைகீழாகி, கட்டை முதலிடத்துக்கு வந்துவிடும்.

முன்னால் ஒன்று, பின்னால் வேறு என்று ஏன் சொல்கிறேன்? பின் சக்கரம் வழுக்கினால் வண்டி கொஞ்சம் ஆடும், உடம்பைச் சாய்த்துச் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது, தரையில் கிடப்பீர்கள். ஒரு காலத்தில் நான் இரண்டு பக்கமும் வேகமாக உருளுகிற ஒரே டயரைப் போட்டிருந்தேன். ஏற்றத்தில் அருமையாக இருந்தது. இறக்கத்தில் ஒரு சாதாரண வளைவில், சரளைமேல் முன் டயர் சத்தமே இல்லாமல் நழுவியது. முழங்கையில் தோல் உரிந்தது, இடுப்பு இரண்டு வாரம் வலித்தது. அதற்குப் பிறகு முன் டயரில் எடையையோ வேகத்தையோ மிச்சம் பிடிக்க நான் முயன்றதே இல்லை. பின் டயர் வேறு வேலை செய்கிறது. உங்கள் எடையில் பெரும்பங்கு அதன்மேல், மிதிக்கிற சக்தி முழுவதும் அதன் வழியாக, கல்லில் அடிபடுவதும் அதுதான் அதிகம். அதனால் பின்னால் சீராக உருளவும் வேண்டும், அடியையும் தாங்க வேண்டும். முன்னால் பிடிப்பு, பின்னால் உருளலும் உறுதியும், இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே பாதித் தவறுகள் குறைந்துவிடும்.

சரி, தரைக்கு வருவோம். எந்தப் பாதையில் நின்றாலும் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்: ஷூவின் குதிகாலை மண்ணில் அழுத்தி ஒரு திருகு திருகுங்கள். தடமே விழவில்லை என்றால் அது இறுகிய தரை. மேலே இருக்கும் பொடி மட்டும் நகர்ந்து அடியில் கெட்டியாகத் தெரிந்தால் அது கெட்டித் தரைமேல் சரளை. குதிகால் உள்ளே இறங்கினால் இளகிய தரை. இறங்கி, தூக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்தால் சேறு. டயர் விளம்பரங்களில் வரும் பெயர்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த நான்கைச் சுற்றித்தான்.

இறுகிய தரையில் கட்டை மண்ணுக்குள் போகவே முடியாது. அங்கே வேலை செய்வது ரப்பர் தரையில் படுகிற பரப்பு மட்டும்தான். அதனால் நடுவில் தாழ்ந்த, நெருக்கமான கட்டைகள் உள்ள டயர் நல்லது. உயரமான கட்டை இங்கே வளைந்து நெளியும், வளைவில் வண்டி ஏதோ மெத்தைமேல் போவதுபோல் இருக்கும், மிதிக்கிற சக்தியும் அந்த நெளிவில் வீணாகும். மேக்ஸிஸ் ஐகான், ஆஸ்பென், ஷ்வால்பே ரேசிங் ரால்ஃப், விட்டோரியா மெஸ்கால் எல்லாம் இந்த வகை (மேக்ஸிஸ், ஷ்வால்பே, விட்டோரியா என்பவை நிறுவனங்கள், மற்றவை டயரின் பெயர்கள்). இவை கிராஸ் கன்ட்ரி, அதாவது ஏற்றமும் இறக்கமும் கலந்த பாதையில் வேகமாக மிதித்துப் போகிற பந்தயக்காரர்களின் டயர்கள், அகலம் 2.2 முதல் 2.4 அங்குலம்.

கெட்டித் தரைமேல் சரளை, இதுதான் உங்கள் பாதையின் பெரும்பகுதி, இதுதான் நிறையப் பேரைக் கீழே தள்ளுகிற தரையும்கூட. காரணம் எளிது. அந்தப் பொடிக் கற்கள் டயருக்கும் கெட்டித் தரைக்கும் நடுவில் குண்டுமணிகளைப் போல உருளுகின்றன. தாழ்ந்த கட்டை அந்த மணிகளின் மேலேயே மிதக்கும். மிக உயரமான கட்டையோ அடியில் இருக்கும் கெட்டித் தரையைத் தொட்டதும் மடங்கும். நடுத்தர உயரம், கூரான விளிம்பு, கட்டைகளுக்கு நடுவே சரளை ஒதுங்க இடம், இதுதான் இங்கே வேண்டும். அதைவிட முக்கியம் ஓரக் கட்டைகள். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது நீங்கள் நிற்பது அவற்றின் மேல்தான், அவை பருமனாக, அடிப்பகுதி அகலமாக, அசையாமல் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில டயர்களில் நடுக் கட்டைகளுக்கும் ஓரக் கட்டைகளுக்கும் நடுவில் ஒரு வெற்று வாய்க்கால் ஓடும். மேக்ஸிஸ் மினியன் டிஎச்எஃப் அப்படி. நேராகப் போகும்போது நடுக் கட்டை பிடிக்கும், நன்றாகச் சாய்த்தால் ஓரக் கட்டை கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் பயந்து பயந்து பாதி சாய்த்தால் அந்த வாய்க்காலில் மாட்டிக்கொண்டு இரண்டும் இல்லாத ஒரு நொடி வரும். சாய்த்து ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த டயர் மிகவும் பிடிக்கும், புதியவர்களுக்கு அந்த நொடி கலக்கத்தைத் தரும். அதே நிறுவனத்தின் அசெகாய் டயரில் அந்த இடைவெளியை நிரப்ப நடுவில் ஒரு வரிசைக் கட்டைகள் உண்டு. தென்னாப்பிரிக்க டவுன்ஹில் (இறக்கத்தில் மட்டும் ஓட்டுகிற பந்தயம்) வீரர் கிரெக் மின்னார், நான்கு முறை உலக சாம்பியன், அவரோடு சேர்ந்து உருவாக்கிய டயர் அது. அசெகாய் என்பது தெற்கு ஆப்பிரிக்காவின் ஈட்டி. எந்தச் சாய்விலும் ஒரே மாதிரிப் பிடிக்கும், ஆனால் கனம் அதிகம், மெதுவாக உருளும். தார் ரோட்டில் அதை மிதிப்பது பெரும்பாடு.

பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மினியன் டிஎச்ஆர் 2 மாதிரியான டயர்களில் நடுக் கட்டைகள் அகலமாக, குறுக்கே நிற்கிற துடுப்பு மாதிரி இருக்கும். முன்பக்கம் சரிவாகச் செதுக்கியிருப்பார்கள், உருளும்போது தடை குறைவு. பின்பக்கம் செங்குத்தாக இருக்கும், பிரேக் பிடிக்கும்போது அந்த விளிம்பு மண்ணைப் பிடித்து நிறுத்தும். டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி போட்டிருப்பது இதற்காகத்தான். அம்புக்குறிக்கு எதிர்த் திசையில் போட்டுவிடாதீர்கள்.

பாறைக்கு வருவோம். காய்ந்த பாறை நல்ல நண்பன், எந்த ரப்பரும் ஒட்டும். அங்கே பிரச்சினை பிடிப்பு இல்லை, கிழிசல். கூர்மையான கல் டயரின் பக்கவாட்டைக் கீறும், அல்லது டயர் ரிம்மோடு நசுங்கிப் பஞ்சராகும். அதனால் பாறை அதிகம் உள்ள பாதைக்குக் கட்டையைவிட உறையைப் பார்த்து வாங்க வேண்டும். ஈரப் பாறையும் ஈர வேரும் முற்றிலும் வேறு கதை. ஈரமான வேரின்மேல் எந்தக் கட்டையும் உள்ளே இறங்காது, சோப்பு தடவிய மாதிரி இருக்கும். மென்மையான ரப்பர், குறைந்த காற்று, கட்டைகளின் மேல் கீறியிருக்கும் மெல்லிய வெட்டுகள் (அந்த வெட்டுகளால் கட்டை விரிந்து வளைந்து தரையோடு ஒட்டும்), இந்த மூன்றும்தான் உதவும். அப்புறம் நீங்கள்தான்: வேரைச் செங்கோணத்தில் கடந்து போங்கள், அதன்மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடாதீர்கள்.

சேற்றில் ஆட்டமே மாறுகிறது. இங்கே அகலமான டயர் நல்லது என்று நினைப்பது இயல்பு, ஆனால் பலசமயம் அது தவறு. மேலே வழவழவென்று ஒரு அடுக்கு, அடியில் கெட்டி மண் என்றால், குறுகலான, உயரமான, இடைவெளி விட்டு நிற்கும் ஆணி மாதிரியான கட்டைகள் மேல் அடுக்கைக் குத்திக்கொண்டு இறங்கி அடியைப் பிடிக்கும். மேக்ஸிஸ் ஷார்ட்டி, ஷ்வால்பே டர்ட்டி டான் அப்படிப்பட்டவை. இடைவெளி ஏன் முக்கியம் என்றால், சேறு கட்டைகளுக்கு நடுவில் அப்பிக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் டயர் ஒரு வழவழப்பான களிமண் உருண்டையாகிவிடும், அப்புறம் நீங்கள் எந்த டயர் போட்டிருக்கிறீர்கள் என்பதற்கே அர்த்தமில்லை. இடைவெளி இருந்தால் சக்கரம் சுழலும் வேகத்தில் சேறு தானே தெறித்துப் போகும். ஆனால் இந்த டயரைக் காய்ந்த பாறையிலும் தார் ரோட்டிலும் ஓட்டினால் கட்டைகள் வளைந்து நெளிந்து பயமுறுத்தும், சீக்கிரம் கிழியவும் செய்யும். ஆகவே வருடம் முழுக்கப் போட்டு வைக்க ஏற்றதல்ல. ஷ்வால்பே மேஜிக் மேரி நடுவழி. ஆணி டயர் அளவுக்குச் சேற்றில் இறங்காது, ஆனால் காய்ந்த இளகிய மண்ணிலும் நன்றாகவே போகும், மழைக்காலம் முழுக்க முன்னால் போட்டு வைக்கலாம்.

மணலிலும் பனியிலும் நேர் எதிர், அங்கே மிதக்க வேண்டும். ஃபேட் பைக் என்ற வகையே அதற்காக வந்ததுதான், 3.8 முதல் 5 அங்குலம் வரை அகலம், பனியில் 10 பிஎஸ்ஐக்கும் (காற்றழுத்த அளவு) கீழே காற்று. உங்கள் வண்டியில் அந்த டயர் நுழையாது. வழியில் ஒரு சின்ன மணல் திட்டு வந்தால் உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கைப்பிடியை இறுக்காமல், ஒரே சீராக மிதித்துக் கடந்துவிடுங்கள்.

இப்போது ரப்பர். கடையில் ஒரே பெயர், ஒரே கட்டை வடிவம் உள்ள டயர் நான்கைந்து விதமாக இருக்கும், விலையும் வேறு வேறாக இருக்கும், ஏன் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ரப்பர் கலவையும் உறையும்தான் வித்தியாசம். ரப்பரின் கெட்டித்தன்மையை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள், எண் குறைந்தால் மென்மை. 60 பக்கம் இருந்தால் கெட்டி, நீண்ட நாள் உழைக்கும். 42 பக்கம் வந்தால் டவுன்ஹில் டயர்களின் மென்மை, நகத்தால் கட்டையை அழுத்தி வளைத்து விட்டால் சட்டென்று நிமிராது, மெதுவாகத் திரும்பி வரும். அந்த மெதுவான திரும்பல்தான் ஈரக் கல்லில் ஒட்ட வைக்கிறது, அதேதான் ஏற்றத்தில் உங்கள் சக்தியைக் குடிக்கவும் செய்கிறது. இரண்டையும் பிரிக்க முடியாது.

மேக்ஸிஸில் மேக்ஸ்ஸ்பீடு, மேக்ஸ்டெரா, மேக்ஸ்கிரிப் என்று மூன்று படி, கடைசியில் இருப்பது மிக மென்மை. ஷ்வால்பே 2017இல் கொண்டுவந்த ஆடிக்ஸ் வரிசையில் டயர்மேல் ஓடும் கோட்டின் நிறத்தைப் பார்த்தாலே போதும்: சிவப்பு வேகம், நீலம் நடுத்தரம், ஆரஞ்சு மென்மை, ஊதா மிக மென்மை. குளிரில் எல்லா ரப்பரும் இறுகும் என்பதையும் கணக்கில் வையுங்கள், குளிர்காலத்தில் ஒரு படி மென்மையாகப் போவது வீண் செலவு இல்லை. என் பழக்கம், முன்னால் ஒரு படி மென்மை, பின்னால் ஒரு படி கெட்டி. முன் டயர் மெதுவாகத்தான் தேயும், அதனால் மென்மையின் விலை அங்கே அவ்வளவாகத் தெரியாது. பின்னால் மென்மையானதைப் போட்டால், அதுவும் தார் ரோட்டில் போய்வருகிறவர்கள் போட்டால், சில மாதத்திலேயே நடுக் கட்டைகள் கரைந்து போவதைப் பார்க்கலாம்.

உறை என்பது ரப்பருக்கு அடியில் இருக்கும் நூல் துணி. டிபிஐ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று. 120 என்றால் மெல்லிய இழை, வளைந்து கொடுக்கும், லேசு. 60 என்றால் தடித்த இழை, முரடு, அடி தாங்கும். இதை ஒரே நிறுவனத்தின் டயர்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். சிலர் அடுக்குகளை எல்லாம் கூட்டிப் பெரிய எண்ணாகப் போடுகிறார்கள், அதை வைத்து ஒரு கம்பெனியை இன்னொன்றோடு ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள். அதைவிட நம்பகமானது எடை. 29 அங்குலத்தில் கிராஸ் கன்ட்ரி டயர் ஏறக்குறைய 700 கிராம், சாதாரணக் காட்டுப் பாதைக்கான டயர் 900 முதல் 1000, டவுன்ஹில் டயர் 1200 முதல் 1400 வரை வரும். அந்தக் கூடுதல் கிராம் எல்லாம் பக்கவாட்டில் இருக்கும் துணியும் ரப்பரும்தான். மேக்ஸிஸில் எக்ஸோ, எக்ஸோ பிளஸ், டபுள்டவுன், டிஎச் என்று கனம் ஏறிக்கொண்டே போகும். பின்னால் மாதம் ஒருமுறை பக்கவாட்டு கிழிகிறது என்றால் ஒரு படி மேலே போங்கள். பஞ்சரே ஆனதில்லை, ஆனால் ஏற்றம் மட்டும் கொல்கிறது என்றால் ஒரு படி கீழே வரலாம். பேட்டரி வைத்த மலை சைக்கிள் ஓட்டுபவர்கள் வண்டியின் எடையை நினைத்துப் பின்னால் கனமான உறையே போட்டுக்கொள்ளட்டும்.

அகலத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதைத் தீர்மானிப்பது ரிம். உள் அகலம் 25 மி.மீ. என்றால் 2.25 முதல் 2.4 வரை, 30 என்றால் 2.4 முதல் 2.6 வரை நன்றாக உட்காரும். குறுகிய ரிம்மில் பெரிய டயரைப் போட்டால் அது பல்பு மாதிரி உருண்டுவிடும், வளைவில் பக்கவாட்டில் மடியும். அகலமான ரிம்மில் சின்ன டயரைப் போட்டால் தட்டையாக விரிந்து ஓரக் கட்டைகள் எப்போதும் தரையில் உரசும், ரிம்மும் கல்லில் அடிபடும். டயரின் பக்கவாட்டில் 61-622 என்ற மாதிரி ஓர் எண் இருக்கும். முதலாவது அகலம் மி.மீ.இல், அதாவது 2.4 அங்குலம். இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். 29 அங்குலத்துக்கு 622, 27.5க்கு 584, பழைய 26க்கு 559. வாங்கும்போது இந்த இரண்டாவது எண்ணை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள். அப்புறம் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் குறைந்தது 6 மி.மீ. இடம் இருக்கட்டும். கடையில் சுழலுகிற டயர் சேறு அப்பியதும் ஃபிரேமை அரைக்க ஆரம்பிக்கும்.

அகலமான டயர் மெதுவானது என்ற எண்ணம் தார் ரோட்டிலிருந்து வந்தது. கரடுமுரடான பாதையில் கெட்டியாகக் காற்றடித்த குறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் உங்களையும் வண்டியையும் மேலே தூக்கிப் போடுகிறது. அந்தத் தூக்கலுக்கான சக்தியை உங்கள் கால்கள்தான் கொடுக்கின்றன. கொஞ்சம் அகலமான, காற்றுக் குறைந்த டயர் கல்லைத் தனக்குள் விழுங்கிக்கொண்டு முன்னே போகும். கிராஸ் கன்ட்ரி பந்தயக்காரர்களே 2.0 அங்குலத்திலிருந்து 2.3, 2.4க்கு வந்துவிட்டார்கள்.

கடைசியாக, நான் முதலிடம் கொடுத்த காற்று. இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. விரலால் அமுக்கிப் பார்த்து "இன்னும் கொஞ்சம் அடி" என்று 40 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டுப் பாதையில் வழுக்குகிறது என்று டயரைக் குறை சொல்பவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டியூப்லெஸ், 2.4 அங்குலம், 75 கிலோ என்ற கணக்கில் முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். பின்னால் எப்போதும் 2 அல்லது 3 கூடுதல். டியூப் போட்டு ஓட்டினால் இரண்டிலும் 4 அல்லது 5 கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பிறகு ஒரே வளைவு, ஒரே கல் படுகை, அதையே திரும்பத் திரும்ப ஓட்டி ஒரு பிஎஸ்ஐ கூட்டியும் குறைத்தும் பாருங்கள். கல்லில் டயர் பந்து மாதிரி எகிறினால் காற்று அதிகம். வளைவில் டயர் அடியில் உருண்டு மடிவதுபோல் இருந்தாலோ, ரிம் கல்லில் 'டங்' என்று இடித்தாலோ குறைவு. ஹார்டுடெயிலில் பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாததால் அந்த 'டங்' சத்தத்துக்குக் கூடுதல் கவனம் கொடுங்கள். ஈரத்தில் இரண்டிலும் ஒன்றிரண்டு குறைத்துவிடலாம். ஒரே ஒரு அளவுமானி வாங்கி எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். இரண்டு மானிகள் ஒத்துப்போவதே அபூர்வம், உங்களுக்குத் தேவை நேற்று வைத்த அதே எண் இன்றும் வருவதுதான். டயரிலும் ரிம்மிலும் போட்டிருக்கும் அதிகபட்ச எண்ணை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தாண்டாதீர்கள்.

இந்தக் குறைந்த காற்றில் ஓட்ட டியூப்லெஸ் ஏறக்குறைய கட்டாயம். உங்கள் ரிம் அதற்கு ஏற்றதாக இருந்தால் புது டயரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். உள்ளே ஊற்றும் சீலண்ட் திரவம் முள் குத்திய சின்ன ஓட்டைகளைத் தானே அடைத்துவிடும். ஆனால் அது காயும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும், வெயில் கடுமையான காலத்தில் இன்னும் சீக்கிரம். என் நண்பர் ஒருவர் ஒன்றரை வருடம் கவனிக்காமல் விட்டு, டயரைக் கழற்றியபோது உள்ளே காய்ந்த ரப்பர் உருண்டைகள்தான் இருந்தன. அதுவரை அவருக்குப் பஞ்சர் ஆகாதது அதிர்ஷ்டம் மட்டுமே.

தேய்மானத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டையின் உயரத்தைவிட விளிம்பைப் பாருங்கள். கூர்மை போய் விளிம்பு உருண்டுவிட்டால் உயரம் பாதிக்கு மேல் இருந்தாலும் சரளையில் பிடிப்பு போய்விட்டது என்று அர்த்தம். ஓரக் கட்டைகளின் அடியில் விரிசல் தெரிந்தாலோ, பக்கவாட்டில் நூல் தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டியதுதான். பின் டயர்தான் முதலில் போகும். இரண்டு பக்கமும் ஒரே வகை டயர் என்றால், அப்போது முன்னால் இருப்பதைப் பின்னால் போட்டு, புதியதை முன்னால் போடுங்கள். தேய்ந்ததை முன்னாலும் புதியதைப் பின்னாலும் வைத்து ஓட்டுவது மட்டும் வேண்டாம்.

இனி உங்கள் ஜோடி. ரிம்மின் உள் அகலம் 30 மி.மீ. என்றால் முன்னால் மேக்ஸிஸ் மினியன் டிஎச்எஃப் 2.5, மேக்ஸ்டெரா ரப்பர், எக்ஸோ உறை. பின்னால் மேக்ஸிஸ் ரீகான் 2.4. ரீகான் தாழ்ந்த நடுக் கட்டையும் ஓரளவு நல்ல ஓரக் கட்டையும் உள்ள டயர், உங்கள் தார் ரோட்டுத் தூரத்தில் அதன் அருமை தெரியும். ரிம் 25 மி.மீ. என்றால் டிஎச்எஃப் 2.3ஐயும் ரீகானில் 2.25ஐயும் தேடுங்கள். ஷ்வால்பேதான் கிடைக்கிறது என்றால் முன்னால் மேஜிக் மேரி ஆரஞ்சுக் கோடு, பின்னால் நாபி நிக் நீலக் கோடு. கான்டினென்டல் நிறுவனம் 2022இல் இறக்கப் பாதைகளுக்கான தன் மலை டயர் வரிசையை மாற்றியது, அதில் தரையை வைத்தே பெயர் பிரித்திருக்கிறார்கள், இளகிய மண்ணுக்கு ஆர்கோடல், கலப்புத் தரைக்குக் கிரிப்டோடல், கெட்டித் தரைக்கு ஸைனோடல். உங்களுக்கு முன்னால் கிரிப்டோடல், பின்னால் ஸைனோடல் சரியாக வரும். கிரிப்டோடலில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனி வடிவம் உண்டு, முன் சக்கரத்துக்கானதைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த மூன்று ஜோடியில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும், எதை என்றால், மழை குறைவான இடத்தில் மேக்ஸிஸ் ஜோடி, வருடத்தில் நான்கு மாதம் சேறு என்றால் ஷ்வால்பே ஜோடி. எதை எடுத்தாலும் மழைக்காலத்துக்கு ஜோடி முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை, முன் டயரை மட்டும் மாற்றினால் போதும். பின்னால் கொஞ்சம் ஆடும், ஆடட்டும்.

புது டயர் போட்ட முதல் நாள் ஒரு விஷயம்: தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து வரும்போது ரப்பரின்மேல் ஒரு வழவழப்பான மேல்தோல் இருக்கும். முதல் ஐந்தாறு கிலோமீட்டர் வளைவுகளில் அவசரப்படாமல் போய் அதைத் தேய்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் காற்றை ஒருமுறை அளந்து பாருங்கள், டியூப்லெஸ் டயர் புதிதில் ஓரிரு நாள் மெதுவாகக் கசியும்.